பிரம்பு மட்டுமா காரணம்? அதிகாரத்துக்குப் பணியும் மனம் உருவாகும் விதம்

கேள்வி: "வீட்டிலும் பள்ளியிலும் அடி வாங்கி வளர்ந்தவன் நான். கண்டிப்பான வீட்டில் வளர்ந்தவர்கள்தான் பிற்காலத்தில் 'இரும்புக்கரம் கொண்ட தலைவர் வேண்டும்' என்று கேட்பவர்களாக ஆகிறார்கள் என்கிறார் ஒரு நண்பர். ஹிட்லர் காலத்து ஜெர்மனியை அதற்கு உதாரணம் காட்டுகிறார். இது உண்மையா? வளர்ப்பு காரணமா, நாட்டு நிலைமை காரணமா? எனக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். அடிக்காமல் வளர்த்தால் மட்டும் போதுமா?"

உங்கள் நண்பர் சொல்வது ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் விவாதித்துவரும் ஒரு கருத்து. அதில் உண்மை உண்டு, ஆனால் அவர் சொல்லும் வடிவில் இல்லை. அடிக்கும் பிரம்புக்கும் வாக்குச்சீட்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பதையும், அதே சமயம் அரசியல் மனப்பான்மைக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது என்பதையும் ஜெர்மனியின் கதையே காட்டுகிறது. உளவியல் வகுப்பெடுக்கும் ஆசிரியன் என்ற முறையிலும், உங்களைப் போலவே அடி வாங்கி வளர்ந்தவன் என்ற முறையிலும் இந்தக் கேள்வியோடு நான் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சர்வாதிகாரி ஒருவரின் மனம் இங்கே பேச்சில்லை. அவர் ஒற்றை ஆள். அவரை நாற்காலியில் அமர்த்தி, அங்கிருந்து இறங்கவிடாமல் காக்கிற லட்சக்கணக்கான சாதாரண மனிதர்களின் மனம்தான் பேச்சு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாப் ஆல்டிமேயர், 1981இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மனத்தில் மூன்று இயல்புகள் ஒன்றோடொன்று பிணைந்து வருவதாகக் காட்டினார். மேலிடம் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கேள்வியில்லாமல் பணிவது, அந்த மேலிடம் யாரைச் சுட்டிக்காட்டுகிறதோ அவர்கள்மீது ஆத்திரம் கொள்வது, ஊர் வழக்கத்தை மீறாமல் இருப்பதோடு மற்றவரும் மீறக்கூடாது என்று வற்புறுத்துவது. இந்த மூன்றும் சேர்ந்ததையே அதிகாரவாத மனம் என்கிறோம். இந்த மாதிரியான ஆளை ஜெர்மானியர் பேச்சுவழக்கில் 'சைக்கிள் ஓட்டுபவன்' என்பார்கள். மேலே முதுகை வளைத்துக் குனிந்திருப்பான், கீழே கால்களால் மிதித்துக்கொண்டே இருப்பான். அலுவலகத்தில் மேலாளர் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு, வாசலில் காவலாளியைப் பார்த்ததும் குரல் உயர்த்துகிறவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

இனி ஜெர்மனிக்கு வருவோம். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1929இல், ஃபிராங்க்பர்ட் நகரில் இருந்த சமூக ஆய்வு நிறுவனத்தில் எரிக் ஃப்ரோம் என்ற உளப்பகுப்பாய்வாளரும் அவரது உடன் பணியாளர்களும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். தொழிலாளர்களுக்கும் கீழ்நிலை அலுவலர்களுக்கும் 271 கேள்விகள் கொண்ட நீண்ட வினாத்தாளைக் கொடுத்தார்கள். அரசியலைப் பற்றி மட்டும் அதில் கேட்கவில்லை. வீட்டுச் சுவரை எப்படி அலங்கரிக்கிறீர்கள், ஜாஸ் இசை பிடிக்குமா, பெண்கள் உதட்டுச் சாயம் பூசுவது பிடிக்குமா, வரலாற்றிலேயே மிகப் பெரிய மனிதர்கள் என்று யாரை நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி: பிள்ளைகளை அறவே அடிக்காமல் வளர்த்துவிட முடியும் என்று நம்புகிறீர்களா, ஏன்?

கொடுக்கப்பட்ட தாள்கள் 3,300. திரும்பி வந்தவை சுமார் 1,100. பிறகு ஹிட்லர் வந்தார், நிறுவனம் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது, தாள்கள் பலவும் தொலைந்தன. எஞ்சிய 584 தாள்களை வைத்து எழுதப்பட்ட ஆய்வு நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, ஃப்ரோம் இறந்த 1980ஆம் ஆண்டில்தான் ஜெர்மன் மொழியில் நூலாக வந்தது.

பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சமூக ஜனநாயகக் கட்சியையோ கம்யூனிஸ்ட் கட்சியையோ சேர்ந்தவர்கள் அல்லது அவற்றுக்கு வாக்களித்தவர்கள். அரசியல் கேள்விகளுக்கு அவர்கள் எழுதிய பதில்கள் கட்சி மேடையில் கேட்ட பாடத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்தின. ஆனால் மனைவி வேலைக்குப் போவது சரியா, பிள்ளையை அடிக்கலாமா என்ற இடத்துக்கு வந்ததும் அவர்களில் பலரது பேனாவில் வேறொரு குரல் இறங்கியது. அது அவர்கள் சிறுவயதில் தங்கள் அப்பாவின் வாயிலிருந்து கேட்ட குரல். வெளியே முதலாளியின் அதிகாரத்தை எதிர்த்துக் கொடி பிடித்த ஒருவர், வீட்டுக்குள் தன் அதிகாரத்தைக் கேள்வி கேட்க யாருக்கும் இடம் கொடுக்கத் தயாராக இல்லை. ஃப்ரோம் பிற்காலத்தில் இந்த ஆய்வைச் சுருக்கிச் சொன்னபோது, ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் முழு அதிகாரவாத மனத்தினர், 15 விழுக்காட்டினர் ஆழத்திலிருந்தே ஜனநாயக மனத்தினர், மீதி 75 விழுக்காட்டினர் இரண்டும் கலந்தவர்கள் என்றார்.

என் கண்ணுக்கு இதில் மிக முக்கியமானது அந்த 75தான். அவர்கள் கொடியவர்கள் அல்லர், சர்வாதிகாரத்துக்கு ஏங்கியவர்களும் அல்லர். ஆனால் அவர்களது ஜனநாயகக் கருத்து, வீட்டில் வாழ்ந்து பழகியதாக இல்லாமல் கூட்டத்தில் கேட்டுக் கற்றதாக இருந்தது. நெருக்கடி வந்தபோது அதற்காக உயிரைக் கொடுத்து நிற்க அவர்களில் பெரும்பாலோரால் முடியாது என்று ஃப்ரோமும் அவரது தோழர்களும் ஊகித்தார்கள். 1933 அவர்களது ஊகத்தைப் பொய்யாக்கவில்லை.

இதே நிறுவனம், மாக்ஸ் ஹோர்க்ஹைமர் தலைமையில், அதிகாரமும் குடும்பமும் பற்றிய பெருந்தொகுப்பு ஒன்றை 1936இல் பாரிஸில் வெளியிட்டது. அதன் சாரம் இது: குடும்பம் தன் இஷ்டத்துக்குப் பிள்ளை வளர்ப்பதில்லை. வெளியுலகம் எப்படிப்பட்ட ஆளை வேலைக்குக் கேட்கிறதோ அப்படிப்பட்ட ஆளையே அது வளர்த்துக் கொடுக்கிறது. அப்பா கையில் சம்பளம் இருப்பதால் அப்பாவுக்குப் பணிகிற பிள்ளை, 'வலியவன் சொல்வதே நியாயம்' என்ற பாடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அப்படியானால் அப்பாவின் சம்பளம் நின்றுபோனால் என்ன ஆகும்? அந்த நிறுவனத்தின் ஒத்துழைப்போடு அமெரிக்காவில் மிர்ரா கொமரோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர், பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த ஆண்களின் 59 குடும்பங்களை ஆராய்ந்து 1940இல் அதை வெளியிட்டார். கணவன்மீது அன்பும் மதிப்பும் இருந்த வீடுகளில் வேலை போன பிறகும் அவரது மரியாதை பெரும்பாலும் குறையவில்லை. பயத்தாலும் சம்பளத்தாலும் மட்டுமே தாங்கி நின்ற மரியாதைதான் சரிந்தது. வெளியே இருக்கும் பொருளாதாரம் வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்பது அந்த வீட்டின் உறவு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது என்று காட்டியதால் இந்தச் சிறிய ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்லும் கருத்து பரவியதற்கு முதன்மைக் காரணம், 1950இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்த ஆய்வு. தியோடர் அடோர்னோ, எல்சே ஃப்ரெங்கல்-ப்ரன்ஸ்விக், டேனியல் லெவின்சன், நெவிட் சான்ஃபோர்ட் ஆகிய நால்வர் 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் வினாத்தாள் கொடுத்து, பிற இனத்தார்மீது வெறுப்பு மிகுந்தவர்களையும் குறைந்தவர்களையும் பிரித்தெடுத்து, அவர்களில் 80 பேரிடம் நீண்ட நேர்காணல் நடத்தினார்கள். நால்வரில் ஃப்ரெங்கல்-ப்ரன்ஸ்விக்கின் பங்குதான் இங்கே நமக்கு வேண்டியது. வியன்னாவில் படித்த யூதப் பெண்மணியான அவர், 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது தப்பி வந்தவர். தம்மைத் துரத்திய வெறுப்பு எங்கே முளைக்கிறது என்று அறிய அவர் எடுத்துக்கொண்ட முயற்சி எனக்கு எப்போதும் மனத்தைத் தொடுவது.

வெறுப்பு மிகுந்தவர்களிடம் பெற்றோரைப் பற்றிக் கேட்டால், "உத்தமர், குறையே சொல்ல முடியாது" என்று பொதுப்படையாகப் புகழ்வார்கள். ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது, அல்லது புகழுக்கு நேர்மாறான தண்டனைக் கதை வந்து விழும். மற்றவர்களோ பெற்றோரிடம் கண்ட நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொன்னார்கள். இன்ன தவறுக்கு இன்ன தண்டனை என்ற காரணம் விளங்காமல் கிடைத்த தண்டனை, சொன்னபடி கேட்டால் மட்டுமே கிடைத்த அன்பு, ஆணும் பெண்ணும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற இறுக்கம் ஆகிய மூன்றும் அந்த வீடுகளில் சேர்ந்திருந்ததாக அவர் கண்டார். அந்த அப்பா அம்மாமீது எழும் கோபத்தை அவர்கள்மீது காட்ட முடியாது. தனக்குள்ளேயே ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஆகவே அது தன்னைவிட வலுவில்லாத வேறொரு கூட்டத்தின்மீது போய் இறங்குகிறது என்பது அவரது விளக்கம்.

11 முதல் 16 வயது வரையுள்ள சுமார் 1,500 பிள்ளைகளையும் அவர் ஆராய்ந்தார். அந்த ஆய்வுகளோடு ஒட்டி அவர் விவரித்த ஒரு சோதனை மிக எளிமையானது. முதல் அட்டையில் நாய் படம். அடுத்தடுத்த அட்டைகளில் நாய் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசி அட்டையில் பூனையாகிவிடும். ஒவ்வோர் அட்டையிலும் இது என்ன என்று கேட்க வேண்டும். வெறுப்பு மிகுந்த பிள்ளைகள், காதும் மூக்கும் மாறிவிட்ட பிறகும் 'நாய்' என்றே பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் போக்கு உள்ளவர்களாக இருந்தார்கள். 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை, எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. தெரியவில்லை என்று சொன்னால் திட்டு விழும் வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள், இந்தச் சோதனை புரிந்துவிடும்.

ஆனால் இந்த ஆய்வின் பலவீனங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வினாத்தாளின் கூற்றுகள் எல்லாம் 'ஆம்' என்றால் அதிகாரவாதம் என்ற ஒரே திசையில் எழுதப்பட்டிருந்தன. எதைக் கேட்டாலும் தலையாட்டும் பழக்கம் உள்ளவருக்கும் மதிப்பெண் கூடிவிடும். நேர்காணல் நடத்தியவர்களுக்கு எதிரே இருப்பவரின் மதிப்பெண் முன்பே தெரிந்திருந்தது. 'கீழ்ப்படிதலும் பெரியோரிடம் மரியாதையும்தான் பிள்ளைகள் கற்க வேண்டிய தலையாய குணங்கள்' என்பதே அளவுகோலின் ஒரு கூற்றாக இருந்ததால், வளர்ப்பைப் பற்றிய கருத்தை வைத்து அளந்துவிட்டு, வளர்ப்புதான் காரணம் என்று கண்டுபிடித்ததாகச் சொல்வதில் ஒரு சுழற்சி இருக்கிறது. 1954இல் ஹைமன், ஷீட்ஸ்லி ஆகிய இருவர் இவற்றைக் கடுமையாக எடுத்துக்காட்டி, பள்ளிப் படிப்பின் அளவே பல வேறுபாடுகளை விளக்கிவிடும் என்றார்கள். ஆல்டிமேயர் அளவுகோலைத் திருத்தி, மாணவர்களிடம் அவர்கள் வளர்ந்த விதத்தைக் கேட்டபோது, குழந்தைப் பருவத் தண்டனைக்கும் பிற்கால மனப்பான்மைக்கும் இடையே வலுவான தொடர்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பதின்பருவத்தில் வெளியுலகத்தோடு பழகிப் பெறும் அனுபவங்களே அவரது கணக்கில் கனமாக நின்றன. இரட்டையர்களை வைத்து 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இந்த மனப்பான்மையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபணுவோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டது. பெற்றோர் வளர்ப்பை மட்டுமின்றி இரத்தத்தையும் கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஜெர்மனியின் தேர்தல் எண்களும் உங்கள் நண்பரின் நேர்க்கோட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. 1928இல் ஹிட்லரின் கட்சி வாங்கிய வாக்கு 2.6 விழுக்காடு. 1930இல் 18.3. 1932 ஜூலையில் 37க்கும் மேல். நான்கு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் குழந்தைப் பருவம் மாறிவிடாது. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் அதே மனிதர்கள், அதே அப்பாக்களிடம் அடி வாங்கியவர்கள். மாறியது வெளியே: 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தொட்டிருந்தது. 1923இல் பணவீக்கத்தால் சேமிப்பெல்லாம் காகிதமாகிப்போன நினைவு நடுத்தரக் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. அதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பகுதிகளைவிட புராட்டஸ்டன்ட் பகுதிகளில்தான் அந்தக் கட்சி பெருமளவு வாக்குகளை அள்ளியது. கத்தோலிக்க அப்பா அடிக்காதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கத்தோலிக்கருக்குச் சொந்தமாக ஒரு கட்சி, சங்கங்கள், செய்தித்தாள்கள், பங்குச் சாமியார் என்று கையைப் பிடித்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்தது. இங்கிலாந்தைப் பாருங்கள்: அரசுப் பள்ளிகளில் பிரம்படியைத் தடுக்கும் சட்டம் 1986இல்தான் அங்கே நிறைவேறியது. அத்தனை தலைமுறை பிரம்படிக்கு நடுவிலும் அந்நாட்டின் நாடாளுமன்றம் நிலைத்தே நின்றது.

காரணமும் விளைவும் தலைகீழாக ஓடிய இடமும் உண்டு. யோஹன்னா ஹாரர் என்ற மருத்துவர் 1934இல் ஜெர்மானியத் தாய்மார்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அவர் குழந்தை மருத்துவர் அல்லர், நுரையீரல் மருத்துவர். குறித்த நேரத்தில் மட்டும் பாலூட்ட வேண்டும். குழந்தையைத் தனி அறையில் படுக்கவைக்க வேண்டும். அழுதால் தூக்கக் கூடாது, ஆட்டக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது. அம்மா மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை வீட்டையே ஆளும் கொடுங்கோலனாகிவிடும் என்பது அதன் அறிவுரை. பசியாலோ பயத்தாலோ அழும் மூன்று மாதக் குழந்தையின் அறைக் கதவை மூடிவிட்டு, அதன் அம்மா மறுபுறம் நின்று தானும் கண்ணீர் வடித்திருப்பாள் என்று நினைக்கும்போது இப்போதும் மனம் கலங்குகிறது. நாஜி அரசின் தாய்மார் பயிற்சி வகுப்புகளில் இந்த நூல் பாடமாக இருந்தது. ஆனால் இந்தக் கையேட்டின்படி வளர்ந்த எந்தக் குழந்தையும் 1932இல் வாக்களித்திருக்க முடியாது. இங்கே வளர்ப்பு அரசை உண்டாக்கவில்லை. அரசுதான் தனக்கு வேண்டிய வளர்ப்பை உண்டாக்க முயன்றது. போருக்குப் பிறகு நாஜிச் சொற்கள் நீக்கப்பட்டு, 1987 வரை அந்நூலின் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. மொத்தம் சுமார் 12 லட்சம் படிகள் விற்றன.

அப்படியானால் வீடும் வெளியும் எந்த இடத்தில் இணைகின்றன? எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் கோனுடையது. 1956–57இல் வாஷிங்டனில் 400 குடும்பங்களை அவர் ஆராய்ந்தார். பாதி தொழிலாளர் குடும்பங்கள், பாதி நடுத்தர வர்க்கத்தினர். பிள்ளையிடம் எந்தக் குணம் வேண்டும் என்று கேட்டபோது, தொழிலாளர் வீடுகளில் கீழ்ப்படிதலும் சுத்தமும் முன்னே வந்தன. நடுத்தர வீடுகளில் தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்வதும் அறியும் ஆர்வமும் முன்னே வந்தன. தண்டிப்பதிலும் ஒரு நுட்பமான வேறுபாட்டை அவர் கண்டார். தொழிலாளர் வீட்டு அம்மா, பிள்ளை செய்ததால் என்ன விளைந்தது என்று பார்த்துத் தண்டித்தார். நடுத்தர வீட்டு அம்மா, பிள்ளை என்ன நினைத்து அதைச் செய்தது என்று பார்த்துத் தண்டித்தார். பாத்திரம் உடைந்தால் ஒரு வீட்டில் உடைந்ததற்கு அடி. இன்னொரு வீட்டில் ஓடி விளையாடும்போது கை தவறி உடைந்ததா, கோபத்தில் எறிந்ததா என்று முதலில் ஒரு விசாரணை.

இதைப் படித்துவிட்டு ஏழைகளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று முடிவு கட்டுவது பெரும் அநியாயம். கோன் அப்படிச் சொல்லவில்லை. அப்பா செய்யும் வேலையைப் பாருங்கள் என்றார். தலைக்கு மேலே எந்நேரமும் ஒரு மேற்பார்வையாளர், ஒரே செயலை ஆயிரம் முறை செய்யும் சலிப்பு, சொந்தமாக யோசித்தால் திட்டு கிடைக்கும் நிலைமை. இவை மூன்றும் உள்ள வேலையில் பிழைக்க வேண்டுமானால் சொன்னதைச் செய்பவனாக இருக்க வேண்டும். அந்த அப்பா தன் மகனுக்கும் அதே உலகம்தான் காத்திருக்கிறது என்று நம்பி, அங்கே அடிபடாமல் தப்பிக்கும் வழியைத்தான் கற்றுக்கொடுக்கிறார். இத்தாலியின் டூரின் நகரிலும், பிறகு பொதுவுடைமை ஆட்சியிலிருந்த போலந்திலும் செய்த ஆய்வுகளில் இதே போக்கு தென்பட்டது. முதலாளித்துவமா பொதுவுடைமையா என்பதைவிட, ஒரு மனிதருக்குத் தன் வேலையில் தானாக முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது வீட்டுக்குள் ஆழமாக இறங்குகிறது. அமெரிக்காவில் ஒரே மனிதர்களைப் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை ஆராய்ந்தபோது, சிந்திக்க வைக்கும் வேலை மனத்தின் நெகிழ்வைக் கூட்டுவதும் தெரிந்தது. அடித்து வளர்க்கும் அப்பாக்களை மேடையில் திட்டுகிறவர்கள் அவர்களது பணியிடங்களைப் பற்றியும் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அச்சத்தின் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டான்லி ஃபெல்ட்மன், காரன் ஸ்டென்னர் ஆகியோர் 1997இலும் அதன் பிறகும் செய்த ஆய்வுகள், இந்த மனப்பான்மை பலரிடம் உறங்கிக் கிடக்கும் ஒன்று என்றும், தாங்கள் சார்ந்த ஒழுங்கு குலைகிறது என்ற அச்சம் எழும்போதே விழித்துக்கொள்கிறது என்றும் காட்டின. ஃப்ரோமின் 75 விழுக்காட்டினரையும் 1928க்கும் 1932க்கும் இடையே நடந்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இந்த விளக்கமே எனக்கு உதவியது. வீடு ஒரு சாய்வைத் தருகிறது. அந்தச் சாய்வில் தண்ணீர் ஓடுமா என்பதை வெளியே பெய்யும் மழை முடிவு செய்கிறது.

சாய்வே மாறக்கூடியது என்பதற்கும் ஜெர்மனிதான் சான்று. பிள்ளை வளர்ப்பில் எதற்கு முதலிடம் என்று மேற்கு ஜெர்மனியில் 1951இல் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, 25 விழுக்காட்டினர் கீழ்ப்படிதலையும் பணிவையும், 28 விழுக்காட்டினர் தற்சார்பையும் சுதந்திர விருப்பத்தையும் குறிப்பிட்டார்கள். பின்வந்த சில பத்தாண்டுகளில் முன்னது பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பின்னது 1990களில் பாதிக்கும் மேலே போயிற்று. போர் முடிந்த வேளையில் ஜெர்மானியப் பதின்பருவத்தினரிடம் அமெரிக்கப் பிள்ளைகளைவிட மிகுதியாகக் காணப்பட்ட அதிகாரவாதம், 1970களின் இறுதியில் கெர்டா லெடரர் ஆராய்ந்தபோது அப்படி மிகுதியாக இல்லை. நிலையான வேலையும் கூலியும், வாக்குரிமை பழக்கமானது, பள்ளிகள் மாறியது, 1960களில் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களிடம் "அந்தக் காலத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்கத் துணிந்தது என எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. வன்முறையற்ற வளர்ப்பு குழந்தையின் உரிமை என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னது 2000இல்தான். சட்டம் வருவதற்கு முன்பே பெரும்பாலான வீடுகள் மாறத் தொடங்கிவிட்டிருந்தன.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கு இப்போது வருகிறேன். கண்டிப்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கிறோம். அமெரிக்காவில் குடியேறிய சீனக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் சாவோ 1994இல் ஒன்றை எடுத்துக்காட்டினார்: அந்த வீடுகளின் கண்டிப்பு பெரும்பாலும் பிள்ளையோடு நெருங்கி உட்கார்ந்து பழக்கும் கண்டிப்பு. மேலைநாட்டு வினாத்தாள்கள் அதை வெறும் அடக்குமுறையோடு சேர்த்து எண்ணிவிட்டன. விடியற்காலையில் எழுப்பிவிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்து பாடம் படிக்க வைக்கும் அம்மாவையும், "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிச்சிடுங்க சார்" என்று ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் அப்பாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அமெரிக்கத் தேர்தல் ஆய்வில் இந்த மனப்பான்மையை அளக்க 1992 முதல் நான்கு இணைக் கேள்விகள் பயன்பட்டு வருகின்றன. தற்சார்பா, பெரியோரிடம் மரியாதையா? ஆர்வமா, நல்ல நடத்தையா? தன் காலில் நிற்பதா, கீழ்ப்படிவதா? பிறரை எண்ணிப் பார்ப்பதா, ஒழுங்காக இருப்பதா? பிள்ளைக்கு இவற்றில் எது முக்கியம் என்று ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "சார், ரெண்டும் வேணும்னா என்ன செய்றது?" என்று கேட்பார். நல்ல கேள்வி. மரியாதையும் கேள்வியும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இரண்டும் மோதும் நாளில் எது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதைத்தான் அந்த வினாத்தாள் அளக்கிறது. உங்கள் வீட்டிலும் அந்த நாள் வரும்: பிள்ளை "ஏன்?" என்று கேட்கும், உங்களுக்கு அலுவலகத்துக்கு நேரமாகியிருக்கும், அன்று காலைதான் மேலதிகாரி தொலைபேசியில் கடிந்திருப்பார்.

நீங்கள் இப்போது ஓர் அப்பா என்பதால் ஆல்டிமேயரின் இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆண்டுகளில் மாணவர்களின் அதிகாரவாத மனப்பான்மை குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் தேடிப்பிடித்து அளந்தபோது, பிள்ளை பெறாதவர்களிடம் அது குறைந்த நிலையிலேயே இருந்தது. பெற்றோர் ஆனவர்களிடம் மறுபடி ஏறியிருந்தது. பிள்ளைக்காகப் படும் பயம் நம்மையும் மாற்றுகிறது. அடி வாங்கி வளர்ந்ததால் நீங்கள் இப்படித்தான் இருப்பீர்கள் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இப்போதைய உங்கள் பயங்களைக் கவனியுங்கள் என்றே சொல்கின்றன.

அடிக்காமல் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு, ஹிட்லர் காலத்திலிருந்தே ஒரு விடையை எடுத்துத் தருகிறேன். சாமுவேல் ஒலினர் போலந்தில் யூதச் சிறுவனாக இருந்தவர். குடும்பத்தினர் கொல்லப்பட்ட பிறகு, ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் உதவியால் உயிர் தப்பினார். பின்னாளில் அமெரிக்காவில் சமூகவியலாளராகி, தம் மனைவி பேர்ல் ஒலினருடன் சேர்ந்து, உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றிய 406 பேரை நேர்கண்டு, காப்பாற்றாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறுவயதில் தவறு செய்தபோது வீட்டில் என்ன நடந்தது என்று இரு சாராரிடமும் கேட்டார்கள். காப்பாற்றியவர்களின் வீடுகளிலும் கண்டிப்பு இருந்தது. சில வீடுகளில் அடியும் விழுந்திருக்கிறது, ஆனால் அரிதாக, செய்த தவறோடு பொருந்தியதாக. அவர்கள் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தது, அப்பாவோ அம்மாவோ தங்களை உட்காரவைத்து, இப்படிச் செய்தால் அடுத்தவருக்கு என்ன ஆகும் என்று விளக்கியதை.